வண்டிக்கு அடியில் ஆள்

கோயமுத்தூர்,
17.6.2024

அன்புள்ள லட்சுமிக்கு, அண்ணன் வேங்கடசாமி எழுதுவது.

சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை என்கிறார் டாக்டர். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்டிருப்பேன். மருமகள் பிரீத்திகா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கையில் தருகிறாள். வீடே கேட்டுச் சிரிக்கும்படி நாம் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. இனி கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபவுண்டரியில் முப்பத்தெட்டு வருஷம் ஃபோர்மேனாக இருந்தவனைக் கொத்தமல்லி வாங்கி வர அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இருக்கிறது. அன்னூர் ரோட்டில் மில்காரர் வீட்டுப் பையன் சசிதர் பழைய ரயில் சாமான்களுக்கு ஒரு மியூசியம் கட்டியிருக்கிறான். அதில் ஒரு ரயில் மோட்டார் கார் இருக்கிறது. பஸ்ஸுக்கு ரயில் சக்கரம் மாட்டினால் எப்படி இருக்கும், அதுதான். தொண்ணூறு வருஷத்து வண்டி. பழுது பார்த்து, முக்கால் கிலோமீட்டர் தண்டவாளம் போட்டு, பொங்கல் கழிந்து ஜனங்களை ஏற்றி ஓட்டப் போகிறார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லாம் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்.

அந்தக் கூட்டத்தை நீ பார்க்க வேண்டும். நஞ்சுண்டன் என்று ஒருவர், பேங்க் மேனேஜராக இருந்தவர், கையுறை மாட்டிக்கொண்டு ஒரே பித்தளைக் கைப்பிடியை மூன்று வாரமாகத் துடைக்கிறார். யாஸ்மின் என்று காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற பெண், ஆணி ஆணியாகப் போட்டோ எடுக்கிறாள். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

போனால் எல்லோருக்கும் மேலே ஒரு மேஸ்திரி. யார் தெரியுமா? நம் தோட்டத்தில் களை எடுத்த பொன்னாத்தாளின் மகன் காளிச்சாமி. ரயில்வே டீசல் ஷெட்டிலிருந்து ரிடையர் ஆனவனாம். வண்டியை ஓட்ட யாருக்குத் தகுதி இருக்கிறது என்று அவன்தான் சொல்வானாம். அவன் அப்பன் நம் அப்பாவை 'சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். இவன் என்னை 'சார்' என்கிறான்.

திறப்பு விழா அன்று அந்த வண்டியை ஓட்டப் போவது நான்தான். இதை எழுதி வைத்துக்கொள்.

உடம்பைக் கவனி.
அண்ணன், வேங்கடசாமி


பொன்மலை, திருச்சி,
2.7.2024

அண்ணனுக்கு வெங்கடலட்சுமியின் வணக்கம்.

முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முறைக்கிறது, மற்றபடி குறையில்லை. நீங்கள் மத்தியானத்தில் ஜிலேபி தின்பதாக எனக்குத் தகவல் வந்திருக்கிறது. பிரீத்திகா உங்கள் போனை மட்டுமல்ல, தட்டையும் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

அறுபத்தெட்டு வயதில் பொம்மை ரயில் கேட்கிறீர்கள். சரி. ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது எனக்குப் புரியவில்லை. டீசல் ஷெட்டில் ஆயுசைக் கழித்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நீங்களே அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, முப்பத்திரண்டு வருஷம் இங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்தார். அவரையும் நீங்கள் 'கரி பூசினவர்' என்றுதான் சொல்வீர்கள். நீங்கள் பார்த்ததோ மோட்டார் பம்பு. அது நின்ற இடத்தில் நிற்கிற சாமான்.

காளிச்சாமி உங்களை 'சார்' என்பது எதனால் வலிக்கிறது என்று யோசித்து எழுதுங்கள். அந்த மரியாதையை வாங்க எத்தனை பேர் ஏங்குகிறார்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.
லட்சுமி


கோயமுத்தூர்,
22.7.2024

லட்சுமிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஜிலேபி தின்றது ஒரே ஒரு நாள்.

உனக்கு யார் பேரிலும் இரக்கம் வரும், சொந்த அண்ணன் பேரில் மட்டும் வராது. போன ஞாயிறு காளிச்சாமி எனக்கு வண்டி ஓட்டப் பரீட்சை வைத்தான். எனக்கு! முந்நூறு அடி ஓட்டி நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். கொடி நட்ட இடத்தைத் தாண்டி ஒரு கஜம் போய்விட்டதாம். எல்லோர் முன்னாலும், "இன்னும் ரெண்டு மாசம் கூட உக்கோந்து பாருங்க சார், அவசரமில்லீங்க" என்கிறான். நஞ்சுண்டன் கையுறைக்குள் சிரித்துக்கொண்டார். ஒரு கஜம் ஒரு குற்றமா?

அங்கே அவன் வைத்திருக்கும் சட்டத்தையும் கேள். வண்டி நிற்கும் இடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழி. அடி வேலைக்குக் குழியில் இறங்குகிறவர் முதலில் மேலே போய், ஓட்டுகிற இடத்தில் இருக்கும் கை பிரேக்கில் தன் துணியைக் கட்ட வேண்டும். ஆளுக்கொரு நிறம். காளிச்சாமிக்கு மஞ்சள், யாஸ்மினுக்குப் பச்சை, எனக்கு ஒரு கட்டம் போட்ட துண்டு. கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். சசிதரே வந்தாலும் தொடக் கூடாது. காளிச்சாமி ஐந்து நிமிஷ வேலைக்குக்கூடத் துணி கட்டாமல் இறங்க மாட்டான். கட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறான். வேப்பமரத்தில் தொட்டில் கட்டுகிற பொம்பளைக்குக்கூட இவ்வளவு பக்தி இருக்காது. ஒரு நாள் அவன் துணி தொங்குகிறது என்று நாற்பது நிமிஷம் வண்டியைத் தொடாமல் நின்றோம், ஐந்து படித்த மனிதர்கள்.

அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

வேங்கடசாமி


பொன்மலை,
10.8.2024

அண்ணனுக்கு,

இங்கே ஆடிக் காற்று மண்ணை வாரிப் போடுகிறது. இருமல் போய்விட்டது. உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

அந்தத் துணியைப் பற்றிக் கிண்டல் செய்ய வேண்டாம். பட்டறையில் துணிக்குப் பதில் சிவப்புப் பலகை. உங்கள் மாப்பிள்ளை ஒரு நாள் பலகையை மாட்டிவிட்டு எடுக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் பட்டறையிலிருந்து ஆள் வந்து சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போனான், அந்த ஒரு பலகையை எடுக்க. ஏன், வேறு யாராவது எடுக்கக் கூடாதா என்று அவரைக் கேட்டேன். "அடியில நான் இருக்கேனா இல்லையான்னு எனக்குத்தானே தெரியும்" என்றார். படிக்காத எனக்கே அது புரிந்தது.

அப்பா சிரித்திருப்பார் என்பது உண்மை. அவர் குழிக்குள் இறங்கியதில்லை, இறங்க வேறு ஆள் இருந்தது.

காய்ச்சல் காலம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.
லட்சுமி


கோயமுத்தூர்,
9.10.2024

லட்சுமிக்கு,

நலமே. இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்?

போன ஞாயிறு மியூசியத்தில் ஒரு சின்ன விபத்து. பேப்பரில் வந்தால் பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. காளிச்சாமி துணி கட்டாமல் குழிக்குள் இறங்கியிருக்கிறான். அது தெரியாமல் நான் மேலே கை பிரேக்கை விட்டேன். பிரேக்கை விட்டால் அடியில் இருக்கும் கம்பி பின்னுக்கு நகரும். அதில் அவன் இடது கை மாட்டி, இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவன். நஞ்சுண்டன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார், அதற்கு மேல் அவரால் ஒன்றும் ஆகவில்லை. யாஸ்மின்தான் தன் துப்பட்டாவால் அவன் கையைக் கட்டிக் காரில் போட்டுக்கொண்டு போனாள். சசிதர் வந்து பார்த்தான். பிரேக்கில் துணி இல்லை. காளிச்சாமி கட்டினேன் என்கிறான். கட்டியிருந்தால் எங்கே போகும்? தான் வைத்த சட்டத்தைத் தானே மீறியவன் இனி வண்டிப் பக்கம் வர வேண்டாம் என்று சசிதர் சொல்லிவிட்டான். இந்தக் காலத்துப் பையன்களில் அவன் பரவாயில்லை.

திறப்பு விழாவில் வண்டி ஓட்டுகிற பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வேங்கடசாமி


பொன்மலை,
15.10.2024

அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். நலம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

ஐந்து நிமிஷ வேலைக்குக்கூடத் துணி கட்டாமல் இறங்க மாட்டான், கட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான் என்று ஜூலையில் எழுதினீர்கள். அதே ஆள் அக்டோபரில் கட்டாமல் இறங்கினான் என்கிறீர்கள். எந்தக் கடிதத்தை நான் நம்புவது?

அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தீர்களா? பதில் உடனே வேண்டும்.

லட்சுமி


கோயமுத்தூர்,
12.11.2024

அன்புள்ள லட்சுமிக்கு,

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. உனக்குக் காந்திபுரத்தில் ஒரு புடவை எடுத்து கூரியரில் அனுப்பினேன், கிடைத்ததா? பாக்கு நிறம். பிரீத்திகா தேர்வு செய்தது, அதனால் சுமாராகத்தான் இருக்கும். பேத்தி நேஹா பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள். தலைப்பு 'நேர்மை'. எழுதிக் கொடுத்தது நான்.

இங்கே மழை சரியில்லை. பின் வீட்டுக்காரன் போர்வெல் போட்டு, தூசி எல்லாம் நம் துணியில். உனக்கு முழங்காலுக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

மியூசியத்தில் வேலை மும்முரம். அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது, ஜனவரி 19, ஞாயிறு. உனக்கு முன் வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை நீ கட்டாயம் வர வேண்டும்.

காளிச்சாமியின் பெண்டாட்டி ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துவிட்டு வந்தாளாம், கெடுதல் செய்தவனை அம்மன் கேட்கட்டும் என்று. டீக்கடையில் சொன்னார்கள். இரண்டு விரலுக்கு அரை கிலோ மிளகாய். எனக்கு என்ன, நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஒரு வாரமாகக் கண் எரிகிறது, அது போர்வெல் தூசி.

அண்ணன், வேங்கடசாமி


பொன்மலை,
18.11.2024

அண்ணனுக்கு,

புடவை வந்தது. பிரித்துப் பார்க்கவில்லை.

கேட்டது இரண்டு கேள்வி. ஒரு மாதம் கழித்து நான்கு பத்தி எழுதி, இரண்டுக்கும் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலும் நீங்கள் இப்படித்தான். தப்பு செய்த அன்றைக்கு எனக்குக் கம்மர்கட்டு வாங்கித் தருவீர்கள்.

காளிச்சாமிக்கு நானே எழுதியிருக்கிறேன்.

லட்சுமி


அன்னூர்,
29.11.2024

மதிப்பிற்குரிய வெங்கடலட்சுமி அம்மா அவர்களுக்குக் காளிச்சாமி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கிடைத்ததுங்க. புண் ஆறிவிட்டது. விசாரித்ததற்கு நன்றி. பட்டறையில் இருந்த உங்கள் வீட்டுக்காரரை நான் ஒரு தடவை பயிற்சிக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன். அளந்து பேசுகிற மனிதர்.

துணி கட்டினீர்களா என்று கேட்டிருந்தீர்கள். கட்டினேன். முப்பத்தாறு வருஷ சர்வீசில் ஒரு நாளும் கட்டாமல் இறங்கியதில்லை. மேலே ஏறி வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. அந்த நேரம் வண்டிக்குள் இருந்தது உங்கள் அண்ணன் ஒருவர்தான். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள், மிச்சத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

கட்டினேன் என்று சசிதரிடம் ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஃபோர்மேன் பேச்சா, களை எடுத்தவள் மகன் பேச்சா என்று வந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். விரல் போனதை என் பெண்டாட்டி அழுது தீர்த்துவிட்டாள். எனக்கு வேறு ஒன்றுதான் தீரவில்லை. துணி கட்டாமல் இறங்கினவன் என்று என் பேர் நின்றுவிட்டது. ஷெட்டில் கூட வேலை பார்த்தவர்கள் போன் செய்து, "ஏனப்பா, நீயா கட்டாம எறங்குன?" என்று கேட்கிறார்கள்.

உங்கள் அண்ணனை நான் திட்டவில்லை அம்மா. ஒருத்தரைத் திட்ட வேண்டுமென்றால் அவர் பேரில் கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும்.

உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.
இப்படிக்கு, கா. காளிச்சாமி


கோயமுத்தூர்,
15.12.2024

லட்சுமி,

அவனுக்கு நீ கடிதம் எழுதினாயாம். எழுதினது மட்டுமல்லாமல் அவன் பதிலைப் படி எடுத்து எனக்கே அனுப்புகிறாய். நம் குடும்பத்துப் பெண் பொன்னாத்தாள் மகனிடம் அண்ணனைப் பற்றி விசாரணை நடத்துகிறாள். நல்ல முன்னேற்றம்.

சரி, தெரிந்துகொள். துணி இருந்தது. நான்தான் அவிழ்த்தேன். போதுமா?

அன்று காலை சசிதர் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவன் ஏறி வரும்போது நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரேக் எப்படி இறங்குகிறது என்று காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அங்கே இந்த மஞ்சள் கந்தல் தொங்குகிறது. காளிச்சாமி துணியை மறந்துவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பான் என்று நினைத்து அவிழ்த்துப் பையில் போட்டேன், பிரேக்கை விட்டேன். அடியில் அலறல் கேட்டது. துணியை அப்புறம் டீக்கடைக் குப்பையில் போட்டுவிட்டேன். என்ன செய்யச் சொல்கிறாய்? அவன் கட்டின துணிக்கு முன்னால் நான் கை கட்டிக்கொண்டு நிற்கவா? அப்பா இருந்தால் நின்றிருப்பாரா?

விரல்தான் போனது, உயிர் போகவில்லை. பென்ஷன் வருகிறது, இனி அவன் எந்த ஸ்பானரைப் பிடிக்க வேண்டும்? நான் பேசாமல் இருந்ததால் யாருக்கு என்ன நஷ்டம்? விழாவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, என் வயதில் இன்னொரு விழா வரப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. கூடப் பிறந்தவள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

வேங்கடசாமி


பொன்மலை,
22.12.2024

அண்ணனுக்கு,

என் வீட்டில் கேஸ் அடுப்பு. அதில் காகிதம் எரிக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தை நேற்று ரிஜிஸ்டர் தபாலில் சசிதருக்கு அனுப்பிவிட்டேன். விலாசம் அழைப்பிதழில் இருந்தது. உங்கள் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே முத்து முத்தாக இருக்கும், அந்தப் பையனுக்குப் படிக்கச் சிரமம் இருக்காது.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த மனிதருக்குப் பேர் ஒன்றுதான் சொத்து. நமக்குத் தோட்டம் இருந்தது, பங்களா இருந்தது, அப்பா பேர் இருந்தது. அதையெல்லாம் தின்று வளர்ந்த நீங்கள் அவர் பேரையும் எடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். கூடப் பிறந்ததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை ஜாடையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விழாவுக்கு நான் வரவில்லை. அந்த நாற்காலியில் காளிச்சாமியின் மனைவியை உட்கார வைக்கச் சொல்லி சசிதருக்கு எழுதியிருக்கிறேன்.

மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள்.
லட்சுமி


கோயமுத்தூர்,
13.1.2025

லட்சுமிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் முழங்கால் தேவலையா?

ஐந்தாம் தேதி ஞாயிறு, சசிதர் எல்லோரையும் மியூசியம் ஷெட்டில் கூட்டி என் கடிதத்தைப் படித்தான். நீ சொன்னது சரி, எந்த இடத்திலும் தடுமாறவில்லை. நஞ்சுண்டன் முதல் முறையாகத் துடைப்பதை நிறுத்தினார். யாஸ்மின் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். காளிச்சாமியையும் அழைத்திருந்தார்கள். சசிதர் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான், திறப்பு விழாவில் நீங்கள்தான் ஓட்ட வேண்டும் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் இனி வர வேண்டாம் என்றான்.

காளிச்சாமிதான் தடுத்தான். "வரட்டுமுங்க. எனக்கு இனிக் குழிக்குள்ள கை நீட்டிச் செய்யற வேலை ஆகாது. அடி வேலைய அவரே செய்யட்டும், மேல நான் பாத்துக்கறனுங்க" என்றான். பழி வாங்குகிறான் என்று நினைத்தேன். போகாமலே இருந்திருக்கலாம். பிரீத்திகா முதற்கொண்டு எல்லோருக்கும் விஷயம் தெரிந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்க முடியவில்லை, போனேன்.

நேற்று பிரேக் சோதனை. என் துண்டைக் கட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். எட்டு மாதத்தில் அங்கே நான் இறங்கியது அதுதான் முதல் தடவை. உள்ளே நிமிர முடியாது. தலைக்கு ஒரு சாண் மேலே கம்பி, அந்தக் கம்பியைத்தான் பிடித்து எண்ணெய் விட வேண்டும். மேலே காளிச்சாமி நடக்கிற சத்தம் பலகையில் கேட்டது. பிரேக் இருக்கிற பக்கம் போய் நின்றது. கம்பியிலிருந்து கையை இழுத்துக்கொண்டேன்.

"காளிச்சாமி, நான் கீழ இருக்கறனுங்க" என்று கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவன் இறங்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தான்.

"கேக்குதுங்க சார். மேல நின்னா நல்லாவே கேக்குது. நானும் அன்னைக்கு மூணு தடவை கூப்புட்டனுங்க" என்றான். "பயப்படாம வேலையப் பாருங்க. நீங்க மேல வந்து துண்ட அவுக்கற வரைக்கும் நான் பிரேக்கத் தொட மாட்டனுங்க."

சொன்னபடியே தொடவில்லை. அரை மணி நேரம் அங்கேயே என் பார்வை படுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கூப்பிட்ட விஷயத்தை அவன் சசிதரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதின கடிதத்திலும் எழுதவில்லை.

லட்சுமி, டீக்கடைக்குப் போயிருப்பான் என்று நினைத்ததாக நான் எழுதியது பொய். அவன் அடியில் இருப்பது எனக்குத் தெரியும். "சார், கீழ ஆள் இருக்குதுங்க" என்று அவன் கூப்பிட்டது மூன்று தடவையும் கேட்டது. இவன் நிற்கச் சொல்லி நான் நிற்பதா என்றுதான் பிரேக்கை விட்டேன்.

இந்தக் கடிதத்தையும் சசிதருக்கு அனுப்பிவிடு.

வேங்கடசாமி